டெர்ராஃபார்ம் பதிப்பு மேலாண்மை

டெர்ராஃபார்ம் என்பது வழங்கி, வலையமைப்பு, சேமிப்பகம் முதலியவற்றை, கோப்பில் எழுதிய விவரிப்பின்படி மேகக் கணிமையில் உருவாக்கித் தரும் மென்பொருள் ஆகும். ஹாஷிகார்ப் நிறுவனம் இதனை 2014-இல் வெளியிட்டது. ஒரே விவரிப்பைப் பலர் இயக்கும்போது எல்லோரிடமும் ஒரே பதிப்பு இருக்க வேண்டும்.

இதற்குக் காரணம் நிலைக்கோப்பு. எவற்றை உருவாக்கினோம் என்பதை டெர்ராஃபார்ம் இக்கோப்பில் குறித்து வைக்கிறது; வரவு செலவுப் பேரேடு போன்றது எனலாம். கடைசியாக எழுதிய பதிப்பின் எண்ணும் அதில் பதிவாகும். 0.14-க்கு முன்பு, புதிய பதிப்பு எழுதிய நிலைக்கோப்பைப் பழைய பதிப்பு ஏற்காது. சென்னையில் ஒருவர் 0.12.20-இல் மும்பை வட்டார வழங்கிகளை மாற்றிவிட்டால், 0.12.19 வைத்திருக்கும் மதுரைக்காரரின் வேலை அத்துடன் நின்றுவிடும். பழைய நகலை மீட்கலாமே என்று தோன்றும். அது ஆபத்து: நகல் எடுத்த பின் உருவான வழங்கிகள் அதில் இரா, அவற்றை டெர்ராஃபார்ம் மறுபடியும் உருவாக்க முனையும், கட்டணமும் இரட்டிக்கும். 2020 டிசம்பரில் வந்த 0.14 இக்கட்டுப்பாட்டைப் பெரிதும் தளர்த்தியது.

2019-இல் வந்த 0.12, விவரிப்பு மொழியையே மாற்றியது. பழைய கோப்புகளை மாற்றித் தரும் கட்டளை அப்பதிப்பில் மட்டுமே இருந்ததால், 0.11-இலிருந்து படிப்படியாகவே ஏற வேண்டியிருந்தது. ஒரே கணினியில் பல பதிப்புகளை வைத்துக்கொள்ளும் தேவை இப்படித்தான் வலுத்தது. அதற்கு உதவுவது டிஎஃப்என்வ் என்னும் சிறு கருவி. திட்ட அடைவில் உள்ள பதிப்புக் கோப்பில் எழுதிய எண்ணைப் படித்து, அதற்குரிய டெர்ராஃபார்மை இது இயக்குகிறது.

விவரிப்புக்குள்ளேயும் தேவையான பதிப்பைக் குறிப்பிடலாம். இது எதையும் நிறுவாது. பொருந்தாத பதிப்பைத் தடுத்து நிறுத்தும், அவ்வளவே. மாணவர்கள் தடுமாறும் இடம் ஒன்று இங்கு உண்டு. அலைக்குறியும் பெரிதுக்குறியும் இட்டு 1.5.0 என எழுதினால் 1.5 வரிசை மட்டுமே ஏற்கப்படும், 1.5 என்று மட்டும் எழுதினால் 1.9-உம் ஏற்கப்படும். கடைசிச் சுழியம் வெறும் அலங்காரம் அன்று.

பூட்டுக்கோப்பு வேறு. 0.14-இல் வந்த இது வழங்குநர் செருகிகளின் பதிப்பைப் பூட்டுகிறது, டெர்ராஃபார்மின் பதிப்பை அன்று.

2023 ஆகஸ்டில் ஹாஷிகார்ப் உரிமத்தை மாற்றியதால், ஓப்பன்டோஃபு என்னும் கிளை லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ்ப் பிரிந்து, 2024 ஜனவரியில் 1.6 பதிப்பை வெளியிட்டது. டெர்ராஃபார்மிலும் 1.6 உண்டு, ஆகவே எண்ணோடு கருவியின் பெயரையும் குறிப்பிட வேண்டும். இரண்டையும் கையாள டென்வ் என்னும் கருவி உள்ளது.