தாத்தா வந்த கப்பலைத் தேடுவோமா?

"எங்கள் தாத்தா ரஜூலா கப்பலில் வந்தவர்" என்று பெருமையாகச் சொல்லும் குடும்பங்கள் இங்கு ஏராளம். எந்த ஆண்டு, எந்த மாதம் என்று பிள்ளைகள் கேட்டால்தான் பதில் தடுமாறும்.

சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் 'நியூஸ்பேப்பர்எஸ்ஜி' இணையத்தளத்தில் பழைய நாளிதழ்களைத் தேடலாம். தாத்தாவின் பெயரைத் தட்டினால் பெரும்பாலும் எதுவும் கிடைக்காது. மேல்தளப் பயணிகளின் பெயர்களை நாளிதழ்கள் வெளியிடுவது அரிது. எனவே, கப்பலின் பெயரை ஆங்கிலத்தில் தேடுங்கள். பாட்டி சொல்லும் ஆண்டுக்கு முன்னும் பின்னும் இரண்டு ஆண்டுகள் சேர்த்துப் பாருங்கள். கப்பல் வந்துசேர்ந்த நாள்கள் தெரியவரும்.

ஊர்ப்பெயர்களையும் அன்றைய வழக்கிலேயே தட்டுங்கள். போர்ட் கிள்ளான் அன்று போர்ட் சுவெட்டன்ஹாம். தெலுக் இந்தான் அன்று தெலுக் ஆன்சன். தமிழ் இதழ்களில் பழைய எழுத்து வடிவங்களைக் கணினி தவறாகப் படிப்பதுண்டு. ஒரு சொல்லில் கிடைக்காதது இன்னொரு சொல்லில் கிடைக்கலாம். சில இதழ்களை நூலகக் கணினிகளில் மட்டுமே படிக்க முடியும். போகும்போது பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள்.

கிடைத்த தேதியைத் தாத்தாவின் பழைய கடப்பிதழில் உள்ள முத்திரையுடன் ஒப்பிடுங்கள். இரண்டும் பொருந்தினால், குடும்பக் கதைக்குச் சான்று கிடைத்துவிட்டது. பொருந்தாவிட்டால் பாட்டியிடம் மீண்டும் கேளுங்கள். அவர் சொல்வதைக் கைப்பேசியில் பதிவுசெய்து, தேதியும் பெயரும் குறித்து வையுங்கள். நாளை உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு அதுவே முதன்மைச் சான்று.