தவறிய தொழுகையும் புறக்கணித்த தொழுகையும்

சில ஆண்டுகளுக்கு முன் மருத்துவமனை ஒன்றில் நம் சபையார் ஒருவரைக் காணச் சென்றிருந்தோம். அடுத்த கட்டிலில், அறுவைச் சிகிச்சை முடிந்து மயக்கம் தெளிந்த முதிய இஸ்லாமியர் ஒருவர் படுத்திருந்தார். கண் விழித்ததும் அவர் தம் மகனிடம் முதலாவது கேட்டது, மணி என்ன என்பதே. “லுஹர் போய்விட்டது, இப்போது அஸர் வேளை, அத்தா” என்றான் மகன். முதியவர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், மகன் ஒரு தட்டில் கொணர்ந்த மண்ணைத் தொட்டு முகத்தையும் கைகளையும் தடவிக்கொண்டு, படுத்தவாறே தலையசைவினால் முதலில் லுஹரையும் அடுத்து அஸரையும் தொழுதார்.

அதனைக் கண்டபோது நம் உள்ளத்தில் எழுந்த முதல் எண்ணத்தை மறைக்க விரும்பவில்லை. ‘இறைவனிடத்திலுமா கணக்கு?’ என்றே எண்ணினோம். இஸ்லாமிய சட்ட அறிஞரின் போதனையைப் பின்னர் கற்றபொழுது, அது அறியாமையால் விளைந்த தீர்ப்பு என்பதை உணர்ந்தோம். அயலாரின் பக்தியைக் குறித்துச் சபையில் பேசும் பொறுப்புடைய நாம், அவர்கள் தவறிய தொழுகையை எவ்வாறு நோக்குகின்றனர் என்பதைச் சரியாக அறிந்திருத்தல் அவசியம்.

வேளையும் கடமையும்

இஸ்லாமியருக்கு நாள்தோறும் கடமையாகிய தொழுகைகள் ஐந்து. அதிகாலையில் சுபுஹு, நண்பகல் கடந்து லுஹர், பிற்பகலில் அஸர், சூரியன் மறைந்தபின் மஃரிப், இரவில் இஷா. இவற்றில் முறையே 2, 4, 4, 3, 4 என 17 ரக்அத்துகள் உள்ளன. நின்று, குனிந்து, நெற்றி நிலத்தில் படப் பணியும் ஒரு சுற்றே ரக்அத்து எனப்படுகிறது. தொழுகை குறித்த வேளைகளோடு விதிக்கப்பட்ட கடமை என்பது குர்ஆனின் 4ஆம் அதிகாரம் 103ஆம் வசனத்தின் போதனை. ஆகவே ஒவ்வொரு தொழுகைக்கும் தொடக்கமும் முடிவும் உண்டு. வேளைக்குள் தொழுவது ‘அதா’ என்றும், வேளை கடந்தபின் அதனை நிறைவேற்றுவது ‘களா’ என்றும் பெயர் பெறும்.

இங்கு நாம் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. வேளை கடந்துவிட்டதனால் கடமை ஒழிந்துவிடுவதில்லை. அது கடனாக நின்றுவிடுகிறது. நோன்புக் கடன் தீராமல் இறந்த தாயைக் குறித்து வினவியவரிடம், மனிதரின் கடனைத் தீர்ப்பதைக் காட்டிலும் இறைவனின் கடனைத் தீர்ப்பதே முதன்மையானது என்ற கருத்தில் முகம்மது நபி மறுமொழி கூறியதாக ஹதீஸ் தொகுப்புகளில் காண்கிறோம். தொழுகைக்கும் இந்தக் கடன் என்னும் கருத்தைச் சட்ட அறிஞர் பொருத்தினர்.

தவறுதல் வேறு, புறக்கணித்தல் வேறு

உறக்கத்தினாலோ மறதியினாலோ தொழுகை தவறியவர்மேல் குற்றம் இல்லை. நினைவு வந்தவுடன் தொழவேண்டும், அதுவே அதற்குரிய ஈடு என்பது நபியின் போதனை. இது அவருடைய வாழ்விலேயே நிகழ்ந்தது. கி.பி. 628இல் கைபர் போரிலிருந்து திரும்புகையில், இரவில் விழித்திருக்கும்படி நியமிக்கப்பட்ட பிலாலும் அயர்ந்து உறங்கிவிட, வெயில் சுட்டபின்னரே யாவரும் விழித்தனர். நபி கலங்கியோரைக் கடிந்துகொள்ளாமல், அவ்விடத்தைவிட்டு அகன்று, பாங்கு சொல்லச் செய்து, சுபுஹைத் தொழுவித்தார். அதற்கு முந்தைய ஆண்டு, 627இல் நடந்த அகழ்ப்போரின்போது அஸர் தவறிப்போயிற்று. அன்று சூரியன் மறைந்தபின் முதலில் அஸரையும், அடுத்து மஃரிபையும் தொழுதனர்.

இயலாமைக்கும் இடம் தரப்பட்டுள்ளது. நிற்க இயலாதவர் அமரலாம். அமர இயலாதவர் படுத்தவாறே தொழலாம். பயணிகள் நான்கு ரக்அத்துகளை இரண்டாகச் சுருக்கலாம். மாதவிலக்கு நாட்களில் பெண்களுக்குத் தொழுகை கடமையன்று. அந்நாட்களில் விட்ட நோன்பைப் பின்னர் நிறைவேற்றவேண்டும். விட்ட தொழுகைக்கோ களா இல்லை.

புறக்கணித்தலின் நிலை இதற்கு முற்றிலும் வேறானது. குர்ஆனின் 107ஆம் அதிகாரம், தொழுதும் தம் தொழுகையைக் குறித்து அசட்டையாய் இருப்போரைக் கண்டிக்கிறது. 19ஆம் அதிகாரம் 59ஆம் வசனம், தொழுகையைப் பாழாக்கித் தம் இச்சைகளைப் பின்பற்றிய தலைமுறையைக் குறித்து எச்சரிக்கிறது. கண்டனம் விழுவது இயலாதவர்மேல் அன்று, இயன்றும் விட்டவர்மேல்.

வேண்டுமென்றே விட்டவர்

வேண்டுமென்றே விட்ட தொழுகைக்குக் களா உண்டா? நான்கு சட்ட வழிகளின் பெரும்பாலான அறிஞர்கள், உண்டு என்கின்றனர். மறந்தவரே நிறைவேற்றவேண்டுமாயின், அறிந்து விட்டவர் நிறைவேற்றவேண்டியது இன்னும் உறுதியன்றோ என்பது அவர்களது வாதம். ஆயினும் 1064இல் மறைந்த இப்னு ஹஸ்மும் 1328இல் மறைந்த இப்னு தைமிய்யாவும் இதனை மறுத்தனர். வேளையே கடமையின் பகுதியாகையால், வேண்டுமென்று கடத்திய வேளையை எவராலும் மீட்க இயலாது. மனம் வருந்தித் திரும்பி, விருப்பத் தொழுகைகளையும் நற்செயல்களையும் பெருக்குவதே வழி என்றனர். மேலோட்டமாக நோக்கின் இது சலுகைபோல் தோன்றும். உண்மையில் இதுவே கடுமையான போதனை. கடனை அடைத்துவிட்டோம் என்னும் ஆறுதலை இது ஒருவருக்கும் தருவதில்லை.

தொழுகை கடமையே அன்று என மறுப்பவர் இஸ்லாத்திலிருந்து விலகியவர் என்பதில் அறிஞரிடையே வேறுபாடு இல்லை. சோம்பலினால் விடுபவரைக் குறித்தோ வேறுபாடு உண்டு. ஹனஃபி, மாலிக்கி, ஷாஃபி வழிகள் அவரைப் பெரும்பாவி என்றும், ஆயினும் முஸ்லிம் என்றும் கொள்கின்றன. அஹ்மத் இப்னு ஹன்பலின் பெயரால் வழங்கும் புகழ்பெற்ற கருத்தின்படி அவர் விசுவாசத்தை இழந்தவர். பழைய சட்ட நூல்கள் இத்தகையோருக்குச் சிறையையும், சில வழிகளில் மரண தண்டனையையும்கூட விதித்தன என்பதையும் நாம் மறைத்தலாகாது.

ஆண்டுக்கணக்கான கடன்

இளமையில் தொழுகையை விட்டு, நடுவயதில் மனந்திரும்பும் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். 354 நாட்கள் கொண்ட சந்திர ஆண்டொன்றுக்கு 1,770 தொழுகைகள், பத்தாண்டுகளுக்கு 17,700. அவர் பருவம் எய்திய நாள்முதல் விட்டவற்றைத் தோராயமாகக் கணக்கிட்டு, வேளைத் தொழுகைகளோடு களாவையும் தொழுது வரவேண்டும். காரணமின்றி விட்டவற்றைத் தாமதமின்றி நிறைவேற்றவேண்டும் என ஷாஃபி வழியினர் வற்புறுத்துவர். ஹனஃபி வழியில், தவறியவை ஆறுக்குக் குறைவாயின் அவற்றை வரிசைப்படி தொழவேண்டும். ஆறை எட்டினால் வரிசைக் கட்டாயம் நீங்கும். தமிழகத்தில் காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களின் மரைக்காயர்கள் ஷாஃபி வழியினர். உள்நாட்டு ராவுத்தர்கள் ஹனஃபி வழியினர். ஆகவே நம் அயலாரிடையே இவ்விரு நடைமுறைகளையும் காணலாம்.

களா தொழுவது மட்டும் போதாது. தாமதித்த பாவத்திற்காக மனம் வருந்தித் திரும்பும் ‘தவ்பா’வும் வேண்டும் என அவர்கள் போதிப்பதை நாம் மறவாதிருக்கவேண்டும். கணக்கு மனந்திரும்புதலுக்குப் பதிலாக நிற்பதன்று. அதன் கனியாகவே கொள்ளப்படுகிறது.

நமக்குரிய சிந்தனை

நமக்கும் அவர்களுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை மழுப்பவேண்டியதில்லை. ஆண்டவர் கற்பித்த ஜெபம் மத்தேயு 6ஆம் அதிகாரத்தில், மூலமொழியில், பாவத்தைக் கடன் என்றே குறிப்பிடுகிறது. அக்கடனை மன்னிக்கும்படி பிதாவை வேண்டுகிறது. நாம் அடைத்துத் தீர்த்து அவர்முன் நிற்பதில்லை, கிருபையால் நிற்கிறோம். இதுவே நம் விசுவாசம்.

ஆயின் மன்னிக்கப்படுவதற்கு முதலில் கடன் என்று ஒன்று இருக்கவேண்டும். தானியேல் நாளில் மூன்று வேளை முழங்காற்படியிட்டான். பேதுருவும் யோவானும் ஜெபவேளையாகிய ஒன்பதாம் மணி நேரத்தில் தேவாலயத்திற்குச் சென்றனர். நாமோ, ஆவியில் எந்நேரமும் ஜெபிக்கலாம் என்று போதித்து, பல நாட்களில் எந்நேரமும் ஜெபிக்காதவர்களாய் இருந்துவிடுகிறோம். பிரசங்கம் ஆயத்தம் செய்வதிலும் குழுக் கூட்டங்களிலும் காலை ஜெபம் கரைந்துபோகிறது. அது தவறியது என்றுகூட நாம் குறித்துக்கொள்வதில்லை. கிருபையை நம்புகிறோம் என்பது உண்மை. எதற்காகக் கிருபை வேண்டும் என்பதை மறந்துவிட்டோமோ என்பதே கேள்வி.

மருத்துவமனையில் கண்ட அம்முதியவர் தொழுது முடித்தபின் மகனிடம், “மஃரிபுக்கு இன்னும் எவ்வளவு நேரம்?” என்று கேட்டார். கணக்கர் ஒருவரின் குரலை நாம் அதில் கேட்கவில்லை. ஒருவரைச் சந்திக்கும் வேளை தவறிவிட்டதற்காக வருந்தி, அடுத்த வேளையைத் தவறவிடக்கூடாது என்று காத்திருப்பவரின் குரல் அது. அன்று மாலை வீடு திரும்பியபோது, அவ்வாரத்தில் எத்தனை காலை ஜெபங்களை விட்டோம் என எண்ணிப் பார்க்க முயன்றோம். எண்ணிக்கை நினைவில் இல்லை. அயலாரின் பக்தியைச் சபையில் விளக்க முற்படும் போதகர், முதலில் தமக்குத்தாமே கேட்டுக்கொள்ளவேண்டிய கேள்வி இதுவே என நம்புகிறோம்.