இலவசம் வேறு, திறந்தது வேறு: வியாசர்பாடியிலிருந்து பல்கலைக்கழக நூலகங்களைப் பற்றி

'திறந்த கல்வி வளங்கள்' என்ற சொற்சேர்க்கை இன்று கருத்தரங்குகளில் தாராளமாகப் புழங்குகிறது. யுனெஸ்கோ 2002இல் கூட்டிய மன்றமொன்றில் உருவான பெயர் இது. நமது சூழலில் இது 'காசில்லாமல் கிடைக்கும் பாடங்கள்' என்றே வாசிக்கப்படுகிறது. இந்த வாசிப்பை முதலில் கேள்விக்குட்படுத்த வேண்டும். இலவசம் என்பது விலை சம்பந்தப்பட்டது. திறந்தது என்பது உரிமை சம்பந்தப்பட்டது. 'சும்மா குடுக்குறாங்க, வாங்கிக்கயேன்' என்பது ஒன்று. 'பிரி, மாற்று, உன் மொழியில் எழுது, உன் பெயரையும் சேர்த்துத் திரும்பக் கொடு' என்பது முற்றிலும் வேறொன்று. முன்னதில் மாணவன் வெறும் நுகர்வோன். பின்னதில் அவன் அறிவு உற்பத்தியில் பங்காளி.

இந்த வேறுபாடு உரிமங்களில் எழுதப்பட்டிருக்கிறது. 2002இல் வெளியான கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் நான்கு நிபந்தனைகளைக் கலந்து செய்யப்பட்டவை. மூல ஆசிரியரின் பெயரைக் குறிப்பிடு, மாற்றியதையும் இதே உரிமத்தில் வெளியிடு, வணிகத்துக்குப் பயன்படுத்தாதே, மாற்றியதைப் பகிராதே. கடைசி நிபந்தனை உள்ள பாடத்தைத் தமிழாக்கி மாணவர்களிடையே பரப்ப முடியாது, ஏனென்றால் மொழிபெயர்ப்பும் சட்டத்தின் பார்வையில் மாற்றமே. உலகமே படிக்கலாம், ஆனால் அவர்கள் எழுதிய மொழியில் மட்டும் என்கிற ஏற்பாடு இது. ஆங்கிலத்துக்கு வெளியே நிற்பவனுக்கு இந்தக் கதவு பாதிதான் திறந்திருக்கிறது.

நான் வியாசர்பாடிக்காரன். மாலை வேளைகளில் கல்லூரி மாணவர்களோடு உட்கார்ந்து பாடம் பார்ப்பது என் வழக்கம். சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த டாக்டர் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி எங்கள் பகுதியில்தான் இருக்கிறது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நீளும் துறைமுக, தொழிற்சாலை வட்டாரத்தில் குடும்பத்திலேயே முதலாவதாகக் கல்லூரி வாசலை மிதிக்கிற பிள்ளைகள் ஏராளம். 2020இல் கல்லூரிகள் மூடப்பட்டு வகுப்புகள் இணையத்துக்குப் போனபோது, 'அண்ணா, வீடியோ சுத்திக்கினே இருக்கு, நெட்டு காலி' என்பதே இங்கே அன்றாடப் பேச்சு. 2021 ஜனவரியில் தமிழக அரசு சுமார் 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு ஏப்ரல் வரை நாளொன்றுக்கு 2 ஜி.பி. தரவு அட்டை அறிவித்தது. தேவையான உதவிதான். ஆனால் பாடத்தின் உடம்பு அப்படியே இருந்தது. ஒரு மணி நேரக் காணொலி சில நூறு எம்.பி.யை விழுங்கும், அதில் பேசப்பட்டதன் எழுத்து வடிவம் ஒரு எம்.பி.கூட வராது. பாடத்தைச் சுருக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

நூலகம் நுழைய வேண்டிய இடம் இதுதான். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன், 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்றார். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்றார். இவற்றை இன்றைய நிலையில் வைத்து வாசித்தால், இணைப்புகளைப் பட்டியலிட்டுப் பக்கத்தில் போட்டுவிடுவதோடு நூலகத்தின் வேலை முடிவதில்லை. வாசகருக்கான நூல் இல்லையென்றால், இருப்பதை அவருக்கான நூலாக மாற்றுவதும் நூலகப் பணியே. கிடங்காக இருந்த நூலகம் பட்டறையாக வேண்டும்.

பட்டறையில் என்ன நடக்கும்? ஒரு உதாரணம். அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஓப்பன்ஸ்டாக்ஸ் வெளியிட்ட புள்ளியியல் அறிமுக நூல், பெயரைக் குறிப்பிட்டால் போதும் என்ற உரிமத்தில் இருக்கிறது. முதல் வேலை, இந்த உரிமத்தைப் படித்து உறுதிசெய்வது. உள்ளே இருக்கும் படங்களுக்குத் தனி உரிமம் உண்டா என்றும் பார்ப்பது. இரண்டாவது, பாடத்திட்டத்துக்குத் தேவையான அலகை மட்டும் பிரித்தெடுப்பது. மூன்றாவது, எடுத்துக்காட்டுகளை மாற்றுவது. டாலர் கணக்குக்குப் பதிலாகக் காசிமேட்டுப் படகு ஒன்று ஐந்து நாளில் கொண்டுவந்த கூடைகளை எடுத்துக்கொள்வோம்: 2, 3, 3, 4, 38. கூட்டுச் சராசரி 10, இடைநிலை 3. பத்துக் கூடை கிடைத்த நாளே கிடையாது. 'சராசரி வருமானம் உயர்ந்தது' என்று அரசும் கம்பெனியும் சொல்லும்போது அந்த எண் எதை மறைக்கிறது என்பது இந்த ஒரு கணக்கிலேயே பிடிபட்டுவிடும். 'மீன்னா ஆவரேஜா, இல்ல நம்ம மீனா?' என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். தேர்வு ஆங்கிலத்தில் வருமென்றால் மீன், மீடியன் என்ற சொற்களையும் தமிழ்ச் சொல்லோடு பக்கத்தில் வைக்க வேண்டும். சொல்லை மறைத்தால் தேர்வில் அடிவாங்குவது அந்தப் பிள்ளைதான்.

நான்காவது, வடிவம். செல்பேசியில் திறக்கும் எழுத்து, சிறு ஒலிப்பதிவு, அச்சிட்டால் நான்கு பக்கம். கிவிக்ஸ், கோலிப்ரி போன்ற மென்பொருள்கள் வழியாக இணையமில்லாமலும் படிக்கும் பிரதி. ஐந்தாவது, திரும்பக் கொடுப்பது: மாற்றிய பிரதியை அதன் உரிமத்தோடு நூலகத்தின் சேமிப்பில் வைப்பது, அடுத்த கல்லூரி அதை மேலும் திருத்துவதற்காக.

இது வெளியிலிருந்து வந்த யோசனை மட்டுமல்ல. பாரதியின் எழுத்துகளை 1949இல் சென்னை அரசு நாட்டுடைமையாக்கியது. பாரதி பெயரில் மகாகவி பாரதி நகர் இருக்கிற எங்கள் வட்டாரத்தில் இதை நினைவூட்டுவது பொருத்தம். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும் 2005இல் ஈழத் தமிழர்கள் தொடங்கிய நூலகம் திட்டமும் தன்னார்வலர்களின் உழைப்பில் தமிழ்ப் பிரதிகளைப் பொதுவில் வைத்தன. ஆனால் இவை பெரும்பாலும் இலக்கியமும் ஆவணமும். இளங்கலை வேதியியலும் பொருளாதாரமும் தமிழில் இப்படிப் பொதுவுக்கு வரவேண்டியது இன்னும் எவ்வளவோ இருக்கிறது.

இங்கே எச்சரிக்கையும் தேவை. 2021இல் பல்கலைக்கழக மானியக் குழு, ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் மேடை வழியாகப் படித்து மதிப்பெண் தகுதி பெறலாம் என்று விதி செய்தது. காணொலி இருக்கிறதே, ஆசிரியர் எதற்கு என்ற கேள்வி இதன் நிழலில் வளரக்கூடும். தகவமைப்பு என்பது இதற்கு நேர் எதிரான திசை. அதற்கு அதிக ஆசிரியர்கள் வேண்டும், நூலகர் பணியிடங்கள் நிரப்பப்பட வேண்டும். கௌரவ விரிவுரையாளர் இரவில் கண்விழித்துச் செய்யும் மொழிபெயர்ப்பைச் 'சேவை' என்று பெயரிட்டுக் கூலியில்லாமல் எடுத்துக்கொண்டால், திறந்த வளமும் பழைய சுரண்டலின் புதுப் பிரதியாகிவிடும்.

எனவே கோரிக்கைகளைத் தெளிவாக வைப்போம். பொதுப் பணத்தில் உருவாகும் பாடம் எதுவும் மாற்றத் தடையுள்ள உரிமத்தில் வெளிவரக் கூடாது. தகவமைக்கும் உழைப்பு பணிநேரமாகக் கணக்கிடப்பட வேண்டும். பெயரைக் குறிப்பிடு என்ற நிபந்தனை மூல ஆசிரியருக்கு மட்டுமல்ல, காசிமேட்டுக் கணக்கை எழுதிய வியாசர்பாடி மாணவிக்கும் பொருந்த வேண்டும். அவள் பெயர் அந்தப் பாடத்தின் முதல் பக்கத்தில் அச்சாக வேண்டும். இதைக் கல்விக் குழுக் கூட்டங்களில் கேட்க நம்மில் யாராவது எழுந்து நிற்க வேண்டியிருக்கிறது.