குடல் வந்த வழி

மனித சரீரத்தில் உள்ள தழும்புகளுள் ஒருவருக்கும் தப்பாமல் அமைந்திருப்பது தொப்புள் ஒன்றே. தாயின் உதிரத்திலிருந்து நமக்கு ஊட்டம் வந்து சேர்ந்த வாயில் அது என்பதை எல்லோரும் அறிவோம். ஆனால் கருப்பையில் இருந்த காலத்தில், ஏறக்குறைய நான்கு வாரங்கள், நம்முடைய குடலும் அதே வாயில் வழியாக வெளியே சென்று, தொப்புள்கொடியின் அடியில் தங்கி, வளர்ந்து, சுழன்று, பிறகு உரிய காலத்தில் தன் ஸ்தானத்துக்குத் திரும்பி வந்தது என்பதை அறிந்தவர் சிலரே. அந்தப் பிரயாணம் முட்டின்றி முடிந்ததனால்தான் இன்று நாம் உண்ணும் கவளம் வழி தவறாமல் செல்கிறது. சில சிசுக்களுக்கோ அது பாதியில் நின்றுவிடுகிறது. நின்ற இடம் இன்னதென்று தெரிந்தால் குறை இன்னதென்று விளங்கும். அதைத் திருத்தும் வழியும் பெரும்பாலும் புலப்படும்.

குடல் எங்ஙனம் உண்டாகிறது என்ற வினாவுக்கு வெகுகாலம் விசித்திரமான ஒரு விடையே வழங்கி வந்தது. எல்லா அவயவங்களும் பூரணமாக அமைந்த நுண்ணிய உருவம் ஒன்று வித்திலோ முட்டையிலோ ஆதிமுதலே உறைகிறது என்றும், வளர்ச்சி என்பது அவ்வுருவம் பெரிதாவதேயன்றிப் புதிதாக ஒன்று தோன்றுவதன்று என்றும் ஐரோப்பியப் பண்டிதர் பலர் நம்பினர். பெர்லினில் பிறந்து, ரஷ்ய நாட்டின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்தில் பணியாற்றிய காஸ்பர் ஃபிரெட்ரிக் வோல்ஃப் என்பவர், அடைகாத்த கோழி முட்டைகளைப் பருவம் பருவமாகத் திறந்து ஆராய்ந்து, குடல் ஆதியில் குழலே அன்று, தட்டையான ஓர் ஏடு என்றும், அந்த ஏடு மடிந்து ஓரங்கள் கூடியே குழலாகிறது என்றும் கண்டு, அதனை 1768-69ஆம் ஆண்டுகளில் லத்தீன் மொழியில் எழுதி வெளியிட்டார். இல்லாத ஒன்று கண்முன்னே உருவாகிறது என்று காட்டிய அந்த நூலை 1812இல் ஜெர்மன் மொழியில் பெயர்த்தவர் யோஹான் மெக்கல். அவர் பெயர் இக்கட்டுரையில் இன்னும் ஒரு முறை வரும்.

கோழிக் குஞ்சில் வோல்ஃப் கண்ட அதே செயல்தான் மனிதக் கருவிலும் நிகழ்கிறது. கரு உண்டாகி மூன்று வாரம் நிறைந்த சமயத்தில், பிற்காலத்தில் ஆணாகவோ பெண்ணாகவோ உலகில் நடமாடப்போகும் அந்த ஜீவன், இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளமுள்ள மெல்லிய தகடாகவே இருக்கிறது. அதில் மூன்று அடுக்குகள் உண்டு: மேலடுக்கிலிருந்து தோலும் நரம்பும், நடு அடுக்கிலிருந்து எலும்பும் தசையும் இரத்தமும், கீழடுக்கிலிருந்து ஜீரணப் பாதையின் உட்படலமும் உருவாகின்றன. நான்காம் வாரத்தில், சிறுவர்கள் பூவரச இலையைச் சுருட்டி ஊதுகுழல் செய்வது போல, இத்தகடு தலைப்புறத்திலும் வால்புறத்திலும் இரு பக்கங்களிலும் மடிந்து குழலாகிறது. அக்குழலின் முற்பகுதி உணவுக்குழாயும் இரைப்பையும் ஆகிறது. அங்கிருந்தே கல்லீரலும் கணையமும் மொட்டுப்போல் கிளைக்கின்றன. நடுப்பகுதி சிறுகுடலாகவும் பெருங்குடலின் முற்பாதியாகவும், பிற்பகுதி எஞ்சிய பெருங்குடலாகவும் மலக்குடலாகவும் வளர்கின்றன.

இந்த முற்பகுதியிலேயே முதல் இடர் காத்திருக்கிறது. சுவாசப் பாதை தனியே தோன்றுவதன்று. அதே நான்காம் வாரத்தில் உணவுப் பாதையின் முன்புறத்தில் ஒரு சிறு மொட்டாக எழுந்து, பின்னர் பிரிந்து செல்வது. அந்தப் பிரிவினை செவ்வனே நடவாதபோது, உணவுக்குழாயின் மேற்பாதி அடி மூடிய பைபோல் நின்றுவிட, கீழ்ப்பாதி மூச்சுக்குழாயோடு ஒட்டிக்கொள்கிறது. ஏறக்குறைய 3,000 முதல் 4,000 ஜனனங்களுக்கு ஒன்றில் இக்குறை காணப்படுகிறது. அத்தகைய சிசுவின் வாயில் நுரை நுரையாக உமிழ்நீர் பெருகும். துடைக்கத் துடைக்க மீண்டும் வரும். மெல்லிய குழாயை வாய் வழியே செலுத்தினால் சுமார் 10 சென்டிமீட்டருக்கு அப்பால் இறங்காமல் நின்றுவிடும். பிறந்த குழந்தையின் நாவில் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தொட்டுச் சேனை வைக்கும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. பெரியவர்களின் வாத்ஸல்யத்தில் பிறந்த வழக்கமாயினும், இக்குறையுள்ள குழந்தைக்கு அந்தச் சில துளிகளே மூச்சுப்பாதையில் இறங்கி ஆபத்தாகக்கூடும்; ஆதலால் குழந்தைக்கு முதல் உணவு தாய்ப்பாலாகவே இருக்கட்டும் என்றும், வாயில் நுரை கண்டால் அதையும் கொடாமல் வைத்தியரிடம் காட்டவேண்டும் என்றும் நான் வற்புறுத்திச் சொல்வேன். முன்னாளில் இக்குழந்தைகள் பிழைத்ததே இல்லை. 1941ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிச்சிகனில் காமரன் ஹைட் என்ற ரண சிகிச்சை நிபுணர், பிரிந்து நின்ற இரு முனைகளையும் ஒரே சிகிச்சையில் இணைத்து ஒரு பெண் சிசுவைப் பிழைக்க வைத்தார்.

சற்றுக் கீழே, இரைப்பையை அடுத்த முன்சிறுகுடலில் மற்றோர் அதிசயம் நிகழ்கிறது. ஆறாம் வாரத்தை ஒட்டி அதன் உட்படலம் மிதமிஞ்சி வளர்ந்து குழலையே அடைத்துவிடுகிறது. பின்னர் சிறுகச் சிறுகக் குடைந்து வழி மீண்டும் திறக்கிறது. திறவாமற்போனால் அடைப்பு நிலைத்துவிடும். ஆனால் அதற்கும் கீழேயுள்ள சிறுகுடலில் காணும் அடைப்புகளுக்கும் இதுவே காரணம் என்று கருதியது பிழை என்பதை, 1955இல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரத்தில் லூவ் என்பவரும் அவருடைய துணைவர் கிறிஸ்டியான் பர்னார்டும் நிரூபித்தனர். சினை நாயின் கருப்பையிலிருந்த குட்டியின் குடலுக்குச் செல்லும் இரத்தக்குழல்களைக் கட்டிவிட்டு, வளரவிட்டுப் பார்த்தபோது, குடல் அவ்விடத்தில் நலிந்து அற்றுப்போயிருந்தது. அந்த அடைப்பு வளர்ச்சி நின்றதால் வருவதன்று. நன்றாக வளர்ந்த குடலுக்கு நடுவில் உதிரம் வறண்டதால் வருவது. 1967இல் மனித இருதயத்தை முதன்முதலாக மாற்றிப் பொருத்தி உலகப் புகழ் பெற்ற பர்னார்டு இவரே.

இனி, தொடக்கத்தில் சொன்ன தொப்புள் யாத்திரைக்கு வருவோம். ஆறாம் வாரத்தில் கல்லீரல் பெருத்து வயிற்றறையை நிரப்பிவிட, அதிவேகமாக நீளும் நடுக்குடலுக்கு உள்ளே இடம் போதவில்லை. அது வளைந்து கொடிக்குள் புகுந்து, தன் பிரதான இரத்தக்குழலையே அச்சாகக் கொண்டு, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் கால் வட்டம் சுழல்கிறது. பத்தாம் வாரத்தில் உள்ளே திரும்புகையில் மேலும் அரை வட்டம் சுழல்கிறது. இவ்வாறு 270 டிகிரி சுழன்ற பின்னரே சிறுகுடல் நடுவிலும், பெருங்குடல் அதைச் சுற்றி மாலைபோலவும் அமைகின்றன. திரும்பி வராமற்போன குடல், மெல்லிய உறையால் மூடப்பட்டுத் தொப்புளில் வெளியே தெரியும் நிலையில் குழந்தை பிறப்பதுண்டு. அதைவிடக் கபடமானது, உள்ளே வந்தும் சுழற்சி முற்றுப்பெறாத நிலை. வயிற்றின் பின்சுவரில் அகன்ற பிடிப்புடன் ஒட்டவேண்டிய குடல், குறுகிய காம்பொன்றில் தொங்குவதால், எந்த வேளையிலும் முறுக்கிக்கொண்டு, தனக்கு வரும் உதிரத்தைத் தானே நெரித்துக்கொள்ளக்கூடும். அதுவரை நன்றாகப் பால் குடித்த பச்சிளங்குழந்தை பச்சை நிறமாகப் பித்த வாந்தி எடுப்பதே அதன் அடையாளம். அப்போது கைவைத்தியத்தில் காலம் போக்கலாகாது. குடல் அழிந்துபோகச் சில மணி நேரமே போதும்.

நடுக்குடலைக் கருவுணவுப் பையுடன் இணைத்திருந்த சிறு தண்டு முற்றிலும் மறையாமல், குடலின் ஓரத்தில் இரண்டு அங்குல நீளப் பையாக, நூற்றில் இருவருக்கு எஞ்சி நிற்கிறது. பெரும்பாலோர்க்கு அது ஆயுள் முழுவதும் தீங்கு செய்வதில்லை. சிலருக்கு இரத்தப்போக்கோ வீக்கமோ தரும். அது கருவின் பழைய தண்டின் மிச்சமே என்று 1809இல் விளக்கியவர் மெக்கல். வோல்ஃபின் நூலை மொழிபெயர்த்த அதே கரம், வழியில் விடுபட்டு நின்ற அந்தச் சிறு சுவடு இன்னதென்பதையும் விளக்கியது.

குழலின் பிற்கோடியில் மலமும் சிறுநீரும் கழியும் பாதைகள் ஆதியில் ஒன்றே. ஏழாம் வாரத்தை ஒட்டி நடுவே ஒரு சுவர் இறங்கி அவற்றைப் பிரிக்கிறது. அது பிறழ்ந்தால் குழந்தை ஆசனவாய் இன்றிப் பிறக்கிறது. ஏறத்தாழ 5,000 ஜனனங்களுக்கு ஒன்று அப்படி. குழந்தையை முதன்முதல் துடைத்தெடுக்கும் கரமே கவனமாகப் பார்த்தால் கண்டுகொள்ளக்கூடிய குறை இது.

இன்னொரு குறையோ கண்ணுக்குத் தெரியாதது. குடலை அசைக்கும் நரம்பணுக்கள் குடலில் பிறந்தவை அல்ல. பெரும்பாலானவை கழுத்துப்புறத்திலிருந்து புறப்பட்டு, குடல் நெடுகக் கீழ்நோக்கி ஊர்ந்து வந்து, பன்னிரண்டாம் வாரத்துக்குள் கடைக்கோடியை அடைகின்றன. அடையாமல் நின்றால், நரம்பற்ற கடைப்பகுதி இறுகி வழிவிட மறுக்கும்; அதற்கு மேலுள்ள நல்ல குடல் தேங்கியதைத் தள்ள முயன்று முயன்று பருத்துவிடும். 1886இல் கோபன்ஹேகன் வைத்தியர் ஹரால்ட் ஹிர்ஷ்ஸ்பிரங் இந்நோயால் இறந்த இரு குழந்தைகளைப்பற்றி எடுத்துரைத்தபோது, அவர் கண்ணில் பட்டது பருத்த குடலே. நோய் அங்கேதான் என்று கருதினார். அறுபது ஆண்டுகளுக்குப் பின், 1948இல், பாஸ்டனில் ஆர்வர் ஸ்வென்சன், பருத்தது நல்லது, பார்வைக்குக் குற்றமற்ற ஒடுங்கிய பகுதியே நோயுற்றது என்று தெளிந்து, அதை அகற்றி நல்ல குடலைக் கீழே இறக்கி இணைத்தார். பிறந்து 48 மணி நேரம் கழிந்தும் கருமையான முதல் மலம் வெளிவராவிடில் இந்நோயை நினைக்க வேண்டும்.

குறையோடு குழந்தை பிறந்த வீட்டில், கிரகணத்தில் வெளியே போனாயா, எதைத் தின்றாய் என்று தாயைக் கேட்பவர் இன்றும் உளர். கர்ப்பிணி வைத்தியரைக் கேளாமல் மருந்துண்ணலாகாது என்பது மெய்யே. ஆயினும் இக்குறைகளுள் பெரும்பாலானவற்றுக்கு அவள் செய்த செயல் எதுவும் காரணமன்று. கருவுற்ற செய்தியை அவள் உறுதியாக அறிந்து உற்றாருக்குச் சொல்லும் நாளிலேயே ஏடு குழலாகி, சுவாசப் பாதை பிரிந்து, குடல் கொடிக்குள் புறப்பட்டிருக்கும். அவளிடம் விசாரணை நடத்தும் நேரத்தில் குழந்தையின் வாந்தியின் நிறத்தையும், வாயின் நுரையையும், முதல் மலத்தையும் ஒருவர் கவனித்தால், நின்றுபோன பிரயாணத்தை மனிதக் கரம் எஞ்சிய தூரம் கொண்டுசென்று முடித்துவைக்க வழியுண்டு.