நிலவில் மனிதன் இறங்கியது பொய்யா? சந்தேகம் எங்கிருந்து வந்தது, அதை எப்படிச் சோதிப்பது?

"சேர், உண்மையாகவே நிலவுக்கு ஆக்கள் போனதா? எல்லாம் ஸ்டூடியோவில எடுத்த படம் என்றுதானே சொல்றாங்க?"

தரம் 10, 11 வகுப்புகளில் விஞ்ஞானம் கற்பிக்கும் எனக்கு இக்கேள்வி புதிதல்ல. ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு பிள்ளை கேட்கும். பிள்ளைகள் மட்டுமல்ல, படித்த பெரியவர்களும் தேநீர்க் கடையிலும் திருமண வீடுகளிலும் இதைக் கேட்கிறார்கள். "அது அமெரிக்காவின் நாடகம்" என்று உறுதியாகச் சொல்பவர்களும் எம்மத்தியில் உள்ளனர்.

கேட்பவரை நோக்கிச் சிரிப்பது ஆசிரியருக்கு அழகல்ல. ஆசிரியர் கலாசாலையில் எமக்குச் சொல்லித் தந்த முதல் பாடங்களில் ஒன்று, பிள்ளையின் கேள்விக்குப் பின்னால் இருக்கும் காரணத்தைத் தேட வேண்டும் என்பதுதான். எனவே இந்தச் சந்தேகம் எங்கே பிறந்தது, ஏன் எமது மனதில் இலகுவாக ஒட்டிக் கொள்கிறது, அதைச் சோதித்துப் பார்ப்பது எப்படி என்பதை இங்கு விளக்க முயல்கிறேன்.

நடந்தது என்ன?

அப்பல்லோ 11 விண்கலம் 1969 ஜூலை 16ஆம் திகதி புறப்பட்டது. ஜூலை 20ஆம் திகதி நீல் ஆம்ஸ்ட்ரோங், பஸ் ஒல்ட்ரின் ஆகிய இருவரும் நிலவில் இறங்கினர். மைக்கல் கொலின்ஸ் நிலவைச் சுற்றி வந்த தாய்க்கலத்தில் இருந்தார். ஆம்ஸ்ட்ரோங் நிலவில் கால் பதித்தபோது எமது நாட்டில் ஜூலை 21ஆம் திகதி காலை நேரம். இலங்கைக்குத் தொலைக்காட்சி வந்தது 1979இல்தான். ஆகவே எமது பெற்றோர் இச்செய்தியை வானொலியில் கேட்டும் பத்திரிகையில் வாசித்துமே அறிந்து கொண்டனர்.

பலர் இது ஒரே ஒரு தடவை நடந்தது என்று நினைக்கின்றனர். அது தவறு. 1972 டிசம்பர் வரை ஆறு தடவைகள் மனிதர்கள் நிலவில் இறங்கினர். மொத்தம் 12 பேர் அங்கு நடந்துள்ளனர். நாடகம் என்று சொல்பவர் ஒரு நாடகத்தை அல்ல, ஆறு நாடகங்களை விளக்க வேண்டும்.

சந்தேகம் பிறந்த கதை

இக்கதையைப் பரப்பியதில் முக்கியமானவர் பில் கேசிங் என்ற அமெரிக்கர். 1976இல் "நாம் ஒருபோதும் நிலவுக்குச் செல்லவில்லை" என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு நூலைத் தானே வெளியிட்டார். அப்பல்லோவை ஏற்றிச் சென்ற ரொக்கெட்டின் இயந்திரங்களைத் தயாரித்த நிறுவனத்தில் முன்னர் வேலை செய்தவர் என்பதால் இவரது பேச்சுக்கு மதிப்புக் கிடைத்தது. ஆனால் அங்கு அவர் பார்த்தது தொழில்நுட்ப ஆவணங்களை எழுதும் வேலை. நிலவில் இறங்குவதற்கு ஆறு வருடங்களுக்கு முன்னர், 1963இலேயே அதிலிருந்து விலகி விட்டார்.

அந்நூல் வெளிவந்த காலத்தையும் கவனிக்க வேண்டும். வியட்நாம் போர் பற்றித் தமது அரசு மறைத்த விடயங்கள் 1971இல் அமெரிக்க மக்களுக்குத் தெரிய வந்தன. நிலவில் நின்றவர்களுடன் தொலைபேசியில் பேசிய அதே ஜனாதிபதி நிக்சன், வோட்டர்கேட் விவகாரத்தால் 1974இல் பதவி விலகினார். "இவ்வளவு பொய் சொன்னவர்கள் இதிலும் பொய் சொல்லியிருக்க மாட்டார்களா?" என்ற கேள்வி இயல்பாகவே எழுந்தது. 1977இல் செவ்வாய்க் கிரகப் பயணத்தை ஸ்டூடியோவில் படமாக்கி உலகை ஏமாற்றுவதாக ஒரு திரைப்படம் வந்தது. 2001இல் ஃபொக்ஸ் தொலைக்காட்சி நிலவுப் பயணத்தைச் சந்தேகிக்கும் நிகழ்ச்சியொன்றை ஒளிபரப்பியது. பின்னர் யூடியூப்பும் வட்ஸ்அப்பும் மீதி வேலையைப் பார்த்துக் கொண்டன.

திரைப்பட இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக்தான் நிலவுக் காட்சிகளை எடுத்தார் என்ற கதையும் உண்டு. 1968இல் அவர் எடுத்த விண்வெளித் திரைப்படத்தை அவருடன் சேர்ந்து எழுதியவர், எமது கொழும்பில் நீண்ட காலம் வாழ்ந்த ஆதர் சி. கிளார்க். 2002இல் பிரான்சில் வெளியான ஒரு போலி ஆவணப்படம் குப்ரிக் கதையை வேண்டுமென்றே உண்மை போலக் காட்டி, இறுதியில் எல்லாம் வேடிக்கை என்று சொல்லி முடிந்தது. அந்த இறுதிப் பகுதியை வெட்டிவிட்டு மீதியைப் பகிர்ந்தால் என்னவாகும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

எம்மவர்கள் ஏன் நம்புகிறார்கள்?

முதற் காரணம் அமெரிக்கா மீதான அவநம்பிக்கை. அது காரணமில்லாமல் வந்ததல்ல. 2003இல் ஈராக்கில் பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாக ஐ.நா. சபையில் படங்காட்டி விளக்கினார்கள். போர் நடந்தது, ஒரு நாடு சிதைந்தது, சொன்ன ஆயுதங்கள் கிடைக்கவில்லை. அதைக் கண்ட தலைமுறை அமெரிக்காவின் பேச்சை நம்ப மறுப்பதில் வியப்பில்லை.

ஆனால் ஈராக் விடயத்தில் பொய் எப்படி அம்பலமானது என்று யோசித்துப் பாருங்கள். "அமெரிக்கா சொன்னால் பொய்" என்ற முடிவினால் அல்ல. தேடிப் பார்த்தபோது ஆயுதம் இல்லாததால்தான். அதே அளவுகோலை நிலவுக்கும் வைக்க வேண்டும். சொன்னவர் யார் என்பது சந்தேகிக்கக் காரணமாகலாம். தீர்ப்புச் சொல்ல அது போதாது.

இரண்டாவது காரணம், "அன்று போனவர்கள் பிறகு ஏன் போகவில்லை?" என்ற கேள்வி. விடை பணத்தில் இருக்கிறது. 1966 அளவில் அமெரிக்க மத்திய அரசின் செலவில் 4 சதவீதத்துக்கும் அதிகமான தொகை நாசாவுக்குச் சென்றது. இன்று அது அரை சதவீதத்துக்கும் குறைவு. சோவியத் யூனியனை முந்துவதே அன்றைய அவசரம். முந்திய பிறகு அரசியல்வாதிகளுக்கு அதில் ஆர்வம் குறைந்தது. திட்டமிட்டிருந்த அப்பல்லோ 18, 19, 20 பயணங்களும் இரத்துச் செய்யப்பட்டன.

மூன்றாவது, நாசாவின் கவனக்குறைவு. அப்பல்லோ 11இன் மூலப் பதிவு நாடாக்கள் அழிக்கப்பட்டு மீண்டும் பயன்படுத்தப்பட்டிருக்கலாம் என்று 2009இல் நாசாவே சொன்னது. இது வெட்கக்கேடான விடயம்தான். எனினும் அன்றைய ஒளிபரப்பின் ஏனைய பிரதிகள் இன்றும் இருக்கின்றன. மற்ற ஐந்து பயணங்களின் பதிவுகளும் உள்ளன.

படங்கள் பற்றிய கேள்விகள்

காற்றில்லாத இடத்தில் கொடி எப்படி அசைந்தது? கொடியின் மேல் விளிம்பில் ஒரு குறுக்குக் கோல் பொருத்தப்பட்டிருந்தது. அது முழுமையாக நீளாததால் துணியில் மடிப்புகள் விழுந்தன. கம்பத்தை மண்ணில் திருகி நாட்டும்போது கொடி அசைந்தது. அசைவை அடக்கக் காற்று இல்லாததால் அது சற்று நேரம் நீடித்தது.

வானத்தில் ஏன் நட்சத்திரங்கள் இல்லை? பெருநாள் இரவில் மின்விளக்குகளால் சோடித்த பள்ளிவாசலைக் கைப்பேசியில் படமெடுத்துப் பாருங்கள். படத்தில் எத்தனை நட்சத்திரங்கள் விழுகின்றன? பிரகாசமான பொருளுக்கு ஏற்ப கமரா குறைந்த ஒளியையே உள்வாங்கும்போது மங்கலானவை பதிவாவதில்லை. நிலவில் அவர்கள் இறங்கியது சூரிய ஒளி படும் பகல் வேளையில்.

கதிர்வீச்சு வளையத்தைத் தாண்ட முடியுமா? பூமியைச் சூழ்ந்துள்ள வான் அலன் வளையங்களில் மாதக் கணக்கில் தங்கினால் ஆபத்துத்தான். அப்பல்லோ அவற்றின் செறிந்த பகுதியைத் தவிர்த்து, சில மணித்தியாலங்களில் கடந்து சென்றது.

வகுப்பில் நான் விரும்பிக் காட்டுவது புழுதியை. கோடை காலத்தில் கிரவல் பாதையில் லொறி போனால் புழுதி மேகம் போல எழுந்து நெடுநேரம் தொங்கி நிற்கும். நிலவில் ஓடிய வாகனத்தின் சக்கரங்கள் கிளப்பிய தூசு அப்படி நிற்கவில்லை. எறிந்த கல்லைப் போல வளைந்து சென்று அப்படியே கீழே விழுகிறது. காற்றில்லாத இடத்தில் மட்டுமே இப்படி நடக்கும். 1971இல் அப்பல்லோ 15இன் டேவிட் ஸ்கொட் ஒரு சுத்தியலையும் ஓர் இறகையும் ஒன்றாகக் கைவிட்டார். இரண்டும் ஒரே நேரத்தில் தரையைத் தொட்டன. 1971இல் இவ்வளவு பெரிய வெற்றிடத்தை ஒரு ஸ்டூடியோவுக்குள் உருவாக்குவது இலேசான காரியமல்ல.

எதிரியின் சாட்சியம்

பிறை கண்டதாக ஒருவர் சொன்னால் உடனே ஏற்றுக் கொள்கிறோமா? எங்கே, எத்தனை மணிக்கு, உடன் கண்டவர் யார், அந்நேரம் பிறை அடிவானத்துக்கு மேல் இருந்திருக்க முடியுமா என்றெல்லாம் விசாரிக்கிறோம். நிலவுப் பயணத்துக்கும் அவ்வாறே சாட்சிகளைப் பார்ப்போம்.

1969இல் அமெரிக்காவின் பொய்யை அம்பலப்படுத்த அதிகம் விரும்பியிருக்கக் கூடியவர் யார்? சோவியத் யூனியன். அதே நாட்களில் அவர்களது ஆளில்லாத லூனா 15 கலம் நிலவைச் சுற்றிக் கொண்டிருந்தது. ஜூலை 21ஆம் திகதி அது நிலவில் மோதி நொறுங்கியது. பிரித்தானியாவின் ஜொட்ரல் பேங்க் வானொலித் தொலைநோக்கி அதனையும் அமெரிக்கக் கலத்தையும் ஒருங்கே கண்காணித்தது. நிலவிலிருந்து வந்த தொலைக்காட்சிச் சமிக்ஞைகளை அவுஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியும் பெற்றது. போட்டியில் தோற்ற சோவியத் யூனியன், இது பொய் என்று ஒருபோதும் சொல்லவில்லை.

நிலவில் வைக்கப்பட்ட லேசர் கண்ணாடிகளைச் சிலர் ஆதாரமாகக் காட்டுவர். அது நல்ல ஆதாரம். ஆனால் அது மட்டும் போதாது. சோவியத்தின் ஆளில்லா வாகனங்களும் அத்தகைய கண்ணாடிகளை அங்கு கொண்டு சென்றன. அதைவிட வலுவானது கற்கள். அப்பல்லோ பயணிகள் கொண்டு வந்தவை 382 கிலோகிராம். சோவியத்தின் மூன்று இயந்திரக் கலங்கள் சேர்ந்து கொண்டு வந்தது 326 கிராம் மட்டுமே. சீனா 2020இல் கொண்டு வந்தது 1,731 கிராம். இன்றைய இயந்திரங்களாலேயே ஓரிரு கிலோதான் முடிகிறது என்றால், அன்று 382 கிலோவை யார் பொறுக்கி எடுத்தார்கள்? அக்கற்களைப் பல நாட்டு விஞ்ஞானிகள் ஆய்வு செய்துள்ளனர். அமெரிக்காவும் சோவியத்தும் தமது மாதிரிகளைத் தமக்குள் பரிமாறியும் கொண்டன.

இறங்கிய இடங்களையும் அங்குள்ள காலடித் தடங்களையும் 2009இல் ஏவப்பட்ட நாசாவின் கலம் படமெடுத்தது. நாசாவை நம்ப மாட்டோம் என்றால், இந்தியாவின் சந்திரயான் 2 எடுத்த அப்பல்லோ 11 இறங்கிய இடத்தின் படமும் இருக்கிறது.

ஆம்ஸ்ட்ரோங்கும் பாங்கொலியும்

இங்கு எம்மைப் பற்றியும் பேச வேண்டும். ஆம்ஸ்ட்ரோங் நிலவில் பாங்கொலி கேட்டார், பின்னர் எகிப்தில் அதே ஒலியைக் கேட்டு இஸ்லாத்தைத் தழுவினார் என்ற கதையைக் கேட்காதவர் எம்மில் குறைவு. ஆம்ஸ்ட்ரோங் இதை மறுத்தார். எந்த மதத்தையும் அவமதிக்க அவர் விரும்பவில்லை, ஆனால் செய்தி சரியானதல்ல என்று 1983இல் அமெரிக்க இராஜாங்கத் திணைக்களம் முஸ்லிம் நாடுகளிலிருந்த தனது தூதரகங்களுக்கு அறிவித்தது. அவர் வாழ்ந்த ஊர் ஒஹாயோ மாநிலத்திலுள்ள லெபனான். அந்தப் பெயரும் குழப்பத்துக்குத் துணை போனதாகச் சொல்லப்படுகிறது.

வேடிக்கை என்னவென்றால், ஆம்ஸ்ட்ரோங் நிலவுக்குப் போகவேயில்லை என்ற செய்தியும், நிலவில் அவர் பாங்கு கேட்டார் என்ற செய்தியும் ஒரே வட்ஸ்அப் குழுமத்தில் வருகின்றன. சில வேளை ஒருவரே இரண்டையும் அனுப்புகிறார். இரண்டும் ஒன்றாக உண்மையாக முடியாது. கேட்க இனிமையாக இருக்கிறதா, எமக்குப் பிடித்த பக்கத்துக்குச் சாதகமாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் இப்படித்தான் நடக்கும். எமது மார்க்கத்தின் உண்மைக்கு ஆம்ஸ்ட்ரோங்கின் சாட்சியம் தேவையில்லை.

இது வெறும் நிலவுக் கதையல்ல

"அவர்கள் போனால் என்ன, போகாவிட்டால் என்ன?" என்று கேட்கலாம். நிலவோடு நின்றால் பரவாயில்லை. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஓர் உணவகத்தின் உணவில் மலட்டு மாத்திரை கலந்ததாக வதந்தி பரவியது. பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. பின்னர் அரச இரசாயனப் பகுப்பாய்வில் அது வெறும் மாவுக் கட்டி என்று தெரிய வந்தது. கொவிட் காலத்தில் அடக்கம் செய்தால் நிலத்தடி நீர் மாசுபடும் என்ற ஆதாரமில்லாத வாதத்தினால் எமது ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன. அப்போதெல்லாம் "ஆதாரம் எங்கே?" என்று நாம் கேட்டோம். கேட்டது நியாயம். அதே கேள்வியை எமக்குப் பிடித்த செய்திகளிடமும் கேட்டால்தான் அந்த நியாயத்துக்கு வலு இருக்கும்.

எனவே ஒரு செய்தியைப் பகிர முன்னர் மூன்று விடயங்களைப் பாருங்கள். இதை முதலில் சொன்னவர் யார்? இது பொய்யென்றால் அதை அம்பலப்படுத்தக் கூடிய எதிர்த்தரப்பு என்ன சொல்கிறது? இதற்கு நேர்மாறான செய்தி வந்திருந்தால் நான் இதே வேகத்தில் நம்பியிருப்பேனா?

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். நிலவுப் பயணத்தைச் சந்தேகிக்கும் பிள்ளையை ஏச வேண்டாம், அது நல்ல கேள்வி. கேள்வி கேட்ட பிறகு விடையைத் தேடவும், கிடைத்த விடை தனக்குப் பிடிக்காவிட்டாலும் ஏற்றுக் கொள்ளவும் அப்பிள்ளையைப் பழக்குங்கள். பாடசாலையில் நாங்கள் செய்ய முயல்வதும் அதைத்தான். வீட்டிலும் அது நடந்தால் எங்கள் வேலை பாதியாகக் குறையும்.