வாரம் ஒரு நாள் மிதித்தால் போதுமா?

சித்தூர் மாவட்டத்தின் தமிழக எல்லையோரம் இருக்கிறது பாலசமுத்திரம். எல்லையைத் தாண்டினால் பள்ளிப்பட்டு. மாந்தோப்பும் கரும்பும் வேர்க்கடலையுமாக இருக்கும் இந்தப் பக்கத்தில் ஒரு தலைமுறைக்கு முன் சைக்கிளை யாரும் உடற்பயிற்சிக் கருவியாகப் பார்த்ததில்லை. பால் கேன் தொங்கியதும் அதில்தான், புல்லுக்கட்டு வந்ததும் அதில்தான். பிள்ளைகள் குரங்குப் பெடல் போட்டு அதில்தான் பழகினார்கள். இப்போது அதே வேலைகளை மொபட்டும் பைக்கும் செய்கின்றன. சைக்கிள் மாட்டுக் கொட்டகைச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. அதை மிதித்தவர் காலையில் சர்க்கரை மாத்திரை, இரவில் ரத்த அழுத்த மாத்திரை என்று இருக்கிறார்.

இது ஓர் ஊரின் கதை மட்டுமல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவோடு சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் தலைமையேற்று நடத்திய ஆய்வின் முடிவு 2023இல் வெளியானது. நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவும், 31 கோடிக்கும் மேற்பட்டோருக்கு உயர் ரத்த அழுத்தமும் இருப்பதாக அது கணக்கிட்டது. அடுத்த ஆண்டு லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த ஆய்வு, இந்தியாவில் வயது வந்தோரில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் போதிய உடல் உழைப்பு இல்லை என்றது.

சுவரில் சாய்ந்து நிற்கும் சைக்கிளை வாரம் ஒரு முறை, அதுவும் நாலு பேரோடு சேர்ந்து வெளியே எடுத்தால் ஏதாவது பலன் உண்டா?

வார இறுதிக் கணக்கு

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, வயது வந்தவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடல் உழைப்பு செய்ய வேண்டும். கடுமையான உழைப்பு என்றால் 75 முதல் 150 நிமிடம். இதைத் தினமும் பிரித்துச் செய்யாமல் சனி, ஞாயிறில் மொத்தமாகச் செய்தால்?

அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் 2023இல் வெளியான ஆய்வு இதைத்தான் பார்த்தது. பிரிட்டனில் 89,573 பேரின் மணிக்கட்டில் அசைவைப் பதிவு செய்யும் கருவியைக் கட்டினார்கள். ஒரு வார உழைப்பில் பாதிக்கு மேல் ஓரிரு நாளிலேயே முடித்தவர்களைத் தனியாகப் பிரித்துக் கணக்குப் பார்த்தார்கள். வாரம் 150 நிமிடம்கூட உழைக்காதவர்களோடு ஒப்பிட்டால், இந்த 'வார இறுதி வீரர்'களுக்கு மாரடைப்பு அபாயம் 27 சதவீதம் குறைந்திருந்தது. வாரம் முழுக்கப் பரவலாக உழைத்தவர்களுக்கு 35 சதவீதம். பக்கவாதத்தில் முன்னவர்களுக்கு 21, பின்னவர்களுக்கு 17. ஆக, இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே நிலையில்தான் இருந்தன.

இதயத்தைப் பொறுத்தவரை மொத்த நிமிடக் கணக்கு நிறைவதே முக்கியம். ஞாயிறு காலை இரண்டரை மணி நேரம் மிதித்தாலே 150 நிமிடம் வந்துவிடுகிறது.

கூட்டமாகக் கிளம்பும் வழக்கம்

சேர்ந்து மிதிப்பது பழைய வழக்கம். இங்கிலாந்தில் சைக்கிள் சுற்றுலாக்காரர்களுக்கான சங்கம் 1878இலேயே தொடங்கப்பட்டது. 'சைக்கிளிங் யுகே' என்ற பெயரில் இன்றும் அது இயங்குகிறது. ஆலை நகரங்களின் தொழிலாளர்கள் ஞாயிற்றுக்கிழமை கூட்டமாக ஊர்ப்புறம் போய், டீ குடித்துத் திரும்பியது பின்னாளில் வந்த நாகரிகம்.

நம் பக்கத்து உதாரணம் இன்னும் வலுவானது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்கு ஊக்கம் தந்தார். லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிளில் ஏறியதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். தனியாக ஓட்டியிருந்தால் கேலிக்கு அஞ்சி இறங்கியிருக்கக்கூடிய பெண்கள், கூட்டமாக ஓட்டியதால் தெருவைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள்.

இன்று சென்னையில் 'வி ஆர் சென்னை சைக்கிளிங் குரூப்' பகுதிவாரியாகப் பிரிந்து சவாரி போகிறது. 'சைக்கிளிங் யோகிஸ்' குழுவினர் சுற்றுவட்டாரத்துப் பழைய கோயில், மலை, கோட்டை என்று வரலாறு தேடிப் போகிறார்கள். நீண்ட தூரம் போக ஆசைப்படுபவர்களுக்கு 'மெட்ராஸ் ரேண்டனர்ஸ்' உண்டு. அங்கே 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். ஹைதராபாத் பைசைக்கிளிங் கிளப் 2007இல் தொடங்கியது. அந்த நகரின் வெளிவட்டச் சாலையோரம் 2023 அக்டோபரில் 23 கிலோமீட்டருக்குச் சூரிய மின்தகடு வேய்ந்த சைக்கிள் பாதையே திறக்கப்பட்டது. பூங்கா நிழலில் மிதிக்க விரும்பும் குடும்பங்களுக்கு வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவில் வாடகைச் சைக்கிள் கிடைக்கிறது.

கடைசியில் வருபவர்தான் கணக்கு

நல்ல குழுவை அடையாளம் காண எளிய வழி: கடைசியில் வருபவரை அது எப்படி நடத்துகிறது என்று பார்க்கலாம். வழி தெரிந்தவர் ஒருவர் முன்னே போவார். பஞ்சர் ஒட்டும் சாமானும் கைப்பம்பும் வைத்திருக்கும் ஒருவர் எல்லோருக்கும் பின்னால் வருவார். அவரைத் தாண்டி யாரும் பின்தங்குவதில்லை. திருப்பம் வந்தால் முன்னே போனவர்கள் காத்திருப்பார்கள். பள்ளம் என்றால் கையைக் கீழே நீட்டிக் காட்டுவார்கள். பின்னால் லாரி வந்தால் கடைசி ஆள் குரல் கொடுப்பார், வரிசை ஒற்றையாகச் சுருங்கும்.

வேகத்துக்கும் கருவி வேண்டாம். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் மிதமான உழைப்பு. ஒரு வாக்கியத்தை முடிக்கவே மூச்சு வாங்குகிறது என்றால் அது கடுமையான உழைப்பு. புதிதாகச் சேர்ந்தவர் அந்த வேகத்தில் தொடரக் கூடாது.

துணையோடு மிதிப்பதில் இன்னொரு லாபமும் இருக்கலாம். டென்மார்க்கின் கோபன்ஹேகனில் 8,577 பேரைச் சுமார் 25 ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு 2018இல் வெளியானது. உட்கார்ந்தே இருந்தவர்களைவிட டென்னிஸ் ஆடியவர்கள் 9.7 ஆண்டுகளும், பாட்மிண்டன் ஆடியவர்கள் 6.2 ஆண்டுகளும், சைக்கிள் ஓட்டியவர்கள் 3.7 ஆண்டுகளும் கூடுதலாக வாழ்ந்தார்கள். உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போனவர்களுக்குக் கூடுதல் 1.5 ஆண்டு. பலரோடு சேர்ந்து ஆடுவதே வித்தியாசத்துக்குக் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். இது நிரூபணம் ஆகாது. ஆனால் ஐந்தே காலுக்குத் தெருமுனையில் நாலு பேர் காத்திருக்கிறார்கள் என்றால், அலாரத்தை அணைத்துவிட்டுத் திரும்பிப் படுக்க மனசு வராது.

எல்லையோரப் பாதையில் கவனிக்க

பாலசமுத்திரம், கார்வேட்டிநகரம், புத்தூர், நாராயணவனம் வட்டாரம் மிதிப்பதற்கு ஏற்றது. நகரி மலைகளின் விளிம்பு, கிருஷ்ணாபுரம் அணை, கார்வேட்டிநகரத்தின் புஷ்கரணி, நாராயணவனத்தின் கல்யாண வெங்கடேஸ்வரர் கோயில் என்று ஒவ்வொரு வாரமும் ஓர் இலக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் இது பூங்காப் பாதை அல்ல. வெள்ளைக்கோடு அழிந்த வேகத்தடை அரை இருட்டில் தெரியாது. கரும்பு டிராக்டருக்குப் பல நேரம் பின்விளக்கு இருக்காது. முன்னே வெள்ளை விளக்கு, பின்னே சிவப்பு விளக்கு இல்லாமல் விடியலில் இறங்கக் கூடாது.

நாய் துரத்தினால் எட்டி உதைக்காமல் வேகத்தைக் குறைத்து இறங்கி, சைக்கிளைக் குறுக்கே நிறுத்தினால் பெரும்பாலும் அது அடங்கிவிடும். கடித்துவிட்டால் காயத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே ரேபிஸ் தடுப்பூசியைத் தொடங்க வேண்டும்.

விழுந்தால் முதலில் உடையும் எலும்புகளில் ஒன்று காறை எலும்பு. புத்தூர்க் கட்டுக்குத் தமிழ்நாடெங்கும் பெயர் உண்டு. அந்த ஊர் வழியே போகிறவருக்குக் கட்டு நினைவு வருவது இயல்பு. ஆனாலும் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்காமல் எந்தக் கட்டும் வேண்டாம். தலையில் அடிபட்டு வாந்தியோ குழப்பமோ இருந்தால் நேரே மருத்துவமனைதான். அடிபட்ட 64,000க்கும் மேற்பட்ட சைக்கிள்காரர்களை உள்ளடக்கிய 40 ஆய்வுகளை 2016இல் தொகுத்துப் பார்த்தபோது, ஹெல்மெட் அணிந்தவர்களுக்குக் கடுமையான தலைக்காயத்தின் வாய்ப்பு 69 சதவீதம் குறைவாக இருந்தது.

சீட் உயரமும் முழங்காலும்

"சைக்கிள் ஓட்டினால் முட்டி போய்விடும்" என்பவர்களில் பலருடைய சீட் தாழ்வாக இருக்கும். உடல் எடையைச் சீட் தாங்குவதால், ஓடுவதைவிட மிதிப்பது மூட்டுக்கு இதமானது. சீட் தாழ்ந்தால்தான் முழங்கால் அதிகம் மடங்கி, முன்பக்கம் வலி வரும்.

சரிபார்ப்பது எளிது. சுவரைப் பிடித்துச் சீட்டில் உட்கார்ந்து, குதிகாலைப் பெடலின் மேல் வைத்து அதை அடிவரை இறக்குங்கள். கால் நேராக நீள வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முட்டியில் இலேசான மடிப்பு தானாக வரும். உள்ளங்கையும் சுண்டுவிரலும் மரத்துப்போனால் ஹேண்டில்பாரில் சாய்ந்து எடையைப் போடுகிறீர்கள் என்று அர்த்தம். பிடியை அடிக்கடி மாற்றுங்கள்.

தண்ணீர், கடலை மிட்டாய், பொங்கல்

சித்தூர், திருப்பதி வெயில் கோடையில் 40 டிகிரியைத் தொடும். ஐந்தரைக்குக் கிளம்பி எட்டரைக்குள் வீடு திரும்புவதே நல்லது. பதினைந்து, இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை இரண்டு மிடறு தண்ணீர். ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் உப்பு போட்ட எலுமிச்சைச் சாறோ நீர்மோரோ, கூடவே ஒரு வாழைப்பழம் அல்லது கடலை மிட்டாய். யாராவது தடுமாறினால், பேச்சு குழறினால் அது வெப்பத் தாக்காக இருக்கலாம். நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108ஐ அழைக்க வேண்டும்.

பெரும்பாலானோர் தோற்பது டிபன் கடையில்தான். 70 கிலோ எடை உள்ளவர் மெதுவாக ஒரு மணி நேரம் மிதித்தால் செலவாவது ஏறக்குறைய 280 கலோரி. திரும்பி வந்து நெய் மிதக்கும் பொங்கல், இரண்டு வடை, சர்க்கரை போட்ட காபி என்று முடித்தால் செலவைவிட வரவே கூடிவிடும். எடை குறையவில்லையே என்று சைக்கிளைக் குறை சொல்லிப் பயனில்லை.

யாருக்கு முன்யோசனை தேவை

நடக்கும்போது நெஞ்சுவலி, காரணமில்லாத மயக்கம், ஏற்கெனவே இதய நோய், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைப் பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தக்கூடிய மாத்திரையோ எடுப்பவர்கள் கிளம்பும் முன் ரத்தச் சர்க்கரையைச் சோதித்துப் பார்ப்பது நல்லது. 90க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்ட பிறகே புறப்பட வேண்டும். பையில் குளுக்கோஸ் இருப்பதும், தனக்கு நீரிழிவு இருப்பது குழுவில் இருவருக்காவது தெரிந்திருப்பதும் கட்டாயம்.

ஒரு நாள் போதுமா?

இதயத்துக்கு, நிமிடக் கணக்கு நிறைந்தால், பெரும்பாலும் போதும். சர்க்கரைக்குப் போதாது. உடற்பயிற்சியால் இன்சுலின் நன்றாக வேலை செய்வது ஓரிரு நாளில் மங்கிவிடும். அதனால்தான் நீரிழிவு உள்ளவர்கள் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் உழைப்பில்லாமல் இருக்கக் கூடாது என்கிறார்கள் மருத்துவர்கள். எலும்புக்கும் போதாது. மூட்டைக் காப்பாற்றும் அதே சீட், எலும்பு தாங்க வேண்டிய சுமையையும் எடுத்துக்கொள்கிறது. எனவே ஞாயிறு சவாரியோடு வாரத்தின் நடுவில் இரண்டு மூன்று நாள் அரை மணி நேர நடையும், உட்கார்ந்து எழும் பயிற்சியும் சேர வேண்டும்.

பல ஆண்டு இடைவெளிக்குப் பிறகு ஏறுபவர் முதல் வாரமே 40 கிலோமீட்டர் போக வேண்டாம். பத்தில் தொடங்கி, வாரா வாரம் கொஞ்சம் கூட்டலாம். இந்த வாரமே சுவரோரம் நிற்கும் சைக்கிளைப் பஞ்சர் கடைக்குத் தள்ளிக்கொண்டு போங்கள். இரண்டு டயரிலும் காற்று, பிரேக் கட்டை, செயினுக்கு எண்ணெய், சீட் உயரம் ஆகிய நான்கையும் பார்த்துவிட்டு, ஞாயிறு காலை வருகிறாயா என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் கேளுங்கள்.