பொருள்வயிற் பிரிவும் 29,000 பவுணும்

சென்ற நோன்புப் பெருநாள் கழிந்த மறுவாரம், என்னிடம் படித்த மாணவி ஒருத்தி தன் உம்மாவோடு வீட்டுக்கு வந்திருந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை; அதற்குள் நாலு பக்க ஆங்கிலக் கடிதம்.

“சேர், இதுல என்ன எழுதியிருக்கெண்டு ஒருக்காப் பார்த்துச் சொல்லுங்க. மாப்பிள்ளைக்கிட்ட கேட்டா, சின்ன விசயம், திரும்பப் போடலாம் எண்டு மட்டும்தான் சொல்றார்” என்றார் உம்மா. மகள் ஒன்றும் பேசவில்லை. நிக்காஹ் முடிந்து பதினாறு மாதம். மாப்பிள்ளை லண்டனில், அவள் உம்மா வீட்டில்.

கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். திருமணம் பொய்யென்று அதில் சொல்லப்படவில்லை. பிள்ளையின் ஆங்கிலத்தில் குறை காணவில்லை. மாப்பிள்ளையின் சம்பளத் துண்டில் மாதம் 2,500 பவுண் என்றிருக்கிறது. வங்கிக் கணக்கிலோ மாதம் 1,700 பவுண்தான் வந்திருக்கிறது. மிச்சத்தைக் கடை முதலாளி கையில் கொடுத்திருக்கிறார். கையில் வந்த காசு வங்கிக்குப் போகவில்லை. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதற்கு அது ஒன்றே காரணம்.

தமிழ் படித்தவர்களுக்குப் ‘பொருள்வயிற் பிரிவு’ புதிய சொல்லல்ல. பொருள் தேடத் தலைவன் பாலை வழியே போவான்; தலைவி இல்லிருந்து ஏங்குவாள். ஆனால் அவன் பொருளோடு மீண்டால் பிரிவு தீரும் என்பது அந்த மரபு. இன்று எங்கள் பிள்ளைகள் படும் பிரிவு வேறு மாதிரி. பொருள் தேடியாயிற்று, அதை அவர்கள் கேட்கும் விதத்தில் காட்ட முடியவில்லை என்பதால் பிரிவு நீள்கிறது. அந்த விதம் என்ன என்பதை, சம்பந்தம் பேசும் பெற்றோரும் சபையில் இருக்கும் பெரியவர்களும் விளங்கிக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

சட்டம் வந்த வழி

பிரித்தானியக் குடியுரிமையோ நிரந்தர வதிவிட உரிமையோ உள்ள ஒருவர் வெளிநாட்டிலிருக்கும் வாழ்க்கைத் துணையை அழைப்பதானால், அரச உதவிப் பணத்தில் தங்காமல் குடும்பத்தைப் பராமரிக்கக் கூடியவர் என்று காட்டினால் போதும் என்ற நிலை ஒரு காலத்தில் இருந்தது. 2012 ஜூலை 9ஆம் திகதி அது மாறியது. ஆண்டுக்கு 18,600 பவுண் வருமானம் என்று ஒரு தொகையை நிர்ணயித்தார்கள். பிள்ளைகளையும் கூடவே அழைப்பதானால் முதற் பிள்ளைக்கு 3,800, அடுத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் 2,400 பவுண் மேலதிகமாகக் காட்ட வேண்டியிருந்தது.

இந்த விதிக்கு எதிரான வழக்கு பிரித்தானியாவின் உயர் நீதிமன்றம் வரை போனது. 2017 பெப்ரவரியில் தீர்ப்பு வந்தது. வருமான எல்லை வைப்பது கொள்கையளவில் சட்டத்துக்கு முரணல்ல. ஆனால் பிள்ளைகளின் நலனை விதிகள் போதியளவு கருத்திற் கொள்ளவில்லை, வேறு வழிகளில் கிடைக்கக்கூடிய பண உதவிகளையும் ஒரேயடியாக ஒதுக்குவது சரியல்ல என்றது நீதிமன்றம். அதன் பின்னர், விதிவிலக்கான சூழ்நிலைகளில் மூன்றாம் ஆளின் உதவி போன்றவற்றையும் பார்க்கலாம் என்று விதிகளில் சேர்த்தார்கள். இது கடைசி வாசல்தான். சாதாரண விண்ணப்பத்துக்கு நம்பிப் போகக்கூடிய வழியல்ல.

2024 ஏப்ரல் 11ஆம் திகதி தொகை ஒரேயடியாக 29,000 பவுணாக உயர்ந்தது. பிள்ளைகளுக்கான மேலதிகத் தொகை எடுபட்டது. அதற்கு முன்னரே இந்த வழியில் விசா எடுத்தவர்கள், அதே துணையோடு நீடிப்புக்குப் போகும்போது பழைய தொகையையே காட்டலாம். 38,700 பவுண் வரை கூட்டும் திட்டமும் இருந்தது. 2024இல் ஆட்சி மாறியதும் அது நிறுத்திவைக்கப்பட்டது. இக்கட்டுரை எழுதும்போது 29,000தான் நடைமுறை. இவை மாறக்கூடியவை, விண்ணப்பம் போடும் வாரத்தில் அரசாங்கத்தின் இணையத்தளத்தைப் பார்ப்பது கட்டாயம்.

29,000 என்றால் எவ்வளவு? 2025 ஏப்ரலில் பிரித்தானியாவின் அடிப்படைச் சம்பளம் மணிக்கு 12.21 பவுண். வாரம் நாற்பது மணித்தியாலம், வருடம் ஐம்பத்திரண்டு கிழமையும் ஒருவர் வேலை செய்தால் கிடைப்பது 25,397 பவுண். அதாவது, முழுநேரமும் மாடாக உழைக்கும் ஒரு கடைத் தொழிலாளி, சட்டம் சொல்லும் குறைந்தபட்சச் சம்பளத்தில், தன் மனைவியை அழைக்கத் தகுதியற்றவன். ‘லண்டன் மாப்பிள்ளை’ என்று நாங்கள் சொல்லும்போது இந்தக் கணக்கு எங்கள் மனதில் இருப்பதில்லை.

எந்த வருமானம் கணக்கில் வரும்?

முதலில் விளங்க வேண்டியது, இங்கே பார்ப்பது வரி கழிக்கும் முன்னுள்ள மொத்தச் சம்பளம். கைக்கு வரும் தொகையல்ல.

ஒரே தொழில்தருநரிடம் ஆறு மாதமோ அதற்கு மேலோ வேலை செய்பவருக்குக் கணக்கு இலகு. அந்த ஆறு மாதச் சம்பளத் துண்டுகள், அதே காலத்து வங்கிக் கூற்றுகள், வேலையையும் சம்பளத்தையும் உறுதிப்படுத்தும் தொழில்தருநரின் கடிதம் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். நிலையான மாதச் சம்பளமென்றால், ஆறு மாதத்தில் ஆகக் குறைந்த மாதம் எதுவோ அதை வைத்தே வருடக் கணக்குப் பார்ப்பார்கள். ஐந்து மாதம் கூட வாங்கி ஒரு மாதம் குறைந்தாலும் அந்த ஒரு மாதமே பேசும். மணித்தியாலக் கணக்கில் சம்பளமென்றால் ஆறு மாதச் சராசரியை எடுத்து வருடத்துக்குப் பெருக்குவார்கள்.

வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகாதவர் இரண்டு விடயம் காட்ட வேண்டும்: இப்போதைய சம்பளம் வருடத்துக்கு 29,000க்குக் குறையாதது, கடந்த பன்னிரண்டு மாதத்திலும் அந்தளவு உண்மையில் உழைத்திருக்கிறார். ஆகவே விண்ணப்பத்துக்கு இரண்டு மாதம் முன்னால் ‘நல்ல வேலை’ என்று தாவுவது பல நேரம் ஆபத்தில் முடிகிறது.

சொந்தத் தொழில் செய்பவர்களுக்கு முடிந்த முழு நிதியாண்டின் கணக்கு வேண்டும். வரித் திணைக்களத்துக்குக் குறைவாகக் காட்டிவிட்டு விசாவுக்குக் கூடுதலாகக் காட்ட இயலாது. இரண்டும் ஒரே அரசாங்கம்.

இங்கிருக்கும் மனைவியின் சம்பளம் கணக்கில் வராது. அவள் இங்கே வைத்தியராக இருந்தாலும், ஆசிரியையாக இருந்தாலும், நாட்டுக்கு வெளியே உழைக்கும் சம்பளத்தைப் பார்க்கமாட்டார்கள். ஆனால் அவளுடைய பெயரிலுள்ள வீட்டு வாடகை, அவளுடைய சேமிப்பு என்பன கணக்கில் வரும். இதைப் பலர் அறியாமலே விட்டுவிடுகிறார்கள்.

கையில் வாங்கும் காசு பற்றி விதி தெளிவாகச் சொல்கிறது. சம்பளத் துண்டிலுள்ள தொகைக்கு ஏற்ற பணம் வங்கியில் விழுந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் வங்கியில் காணும் தொகை மட்டுமே கணக்கு. என் மாணவியின் கணவருக்கு நடந்தது இதுதான். 2,500ஐப் பன்னிரண்டால் பெருக்கினால் 30,000, எல்லையைத் தாண்டிவிடும். 1,700ஐப் பெருக்கினால் 20,400தான்.

சேமிப்பால் ஈடுசெய்வது

சம்பளம் குறைந்தால் சேமிப்பால் நிரப்பலாம். முதல் 16,000 பவுணை விட்டுவிட வேண்டும். பிரித்தானியாவில் வருமானம் குறைந்தோருக்கான உதவிப் பணம் பெறுவதற்கு இருக்கக்கூடிய சேமிப்பின் எல்லை அது. அதற்கு மேலுள்ளதை 2.5ஆல் வகுக்க வேண்டும். விசாக் காலம் ஏறத்தாழ இரண்டரை வருடம் என்பது அதன் காரணம்.

ஓர் உதாரணம். சம்பளம் 25,000. குறை 4,000. அதை 2.5ஆல் பெருக்கினால் 10,000. அதனோடு 16,000ஐக் கூட்டினால் 26,000 பவுண் சேமிப்பு வேண்டும். வருமானமே இல்லாமல் சேமிப்பால் மட்டும் போவதென்றால் 88,500 பவுண் வேண்டும்.

இந்தப் பணம் ஆறு மாதம் தொடர்ந்து கணவன் அல்லது மனைவியின் கட்டுப்பாட்டில், தேவைப்பட்டால் எடுக்கக்கூடிய கணக்கில் இருந்திருக்க வேண்டும். எங்கிருந்து வந்ததென்றும் சொல்ல வேண்டும். அன்பளிப்பு ஏற்கப்படும், கடன் ஏற்கப்படாது. சாச்சாவிடம் ஒரு கிழமைக்கு வாங்கிக் கணக்கில் போட்டுக் காட்டும் எங்களூர் வழக்கம் அங்கே செல்லாது. சொந்தக் காணியை விற்ற பணமென்றால், விற்பதற்கு முன்னர் அது தம்முடையதாக இருந்த காலத்தையும் உறுதிப்பத்திரத்தோடு காட்டி ஆறு மாதத்தில் சேர்த்துக்கொள்ளலாம். இன்னொன்று: சொந்தத் தொழில் வருமானத்தோடு இந்தச் சேமிப்பைக் கூட்டிக் காட்ட முடியாது.

அழைப்பவர் அங்கவீனர்களுக்கான கொடுப்பனவோ, நோயாளரைப் பராமரிப்பவருக்கான கொடுப்பனவோ பெறுபவராக இருந்தால் 29,000 அவருக்குப் பொருந்தாது. பராமரிக்கப் போதுமான வசதி உண்டா என்ற பழைய அளவுகோலே பொருந்தும்.

வருமானத்தைத் தவிர

இருவருக்கும் பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும். மனைவிக்கு ஆரம்பநிலை ஆங்கிலப் பரீட்சை உண்டு. இலங்கையிலிருந்து போவோருக்குக் காசநோய்ப் பரிசோதனை உண்டு. விண்ணப்பக் கட்டணம் ஒரு பக்கமிருக்க, சுகாதாரக் கட்டணம் மாத்திரம் வருடத்துக்கு 1,035 பவுண். முதல் விசாவுக்கு மூன்று வருடக் கணக்கில் 3,105 பவுண் முன்கூட்டியே கட்ட வேண்டும். முதல் விசா 33 மாதம். அது முடியும்போது நீடிப்பு. ஐந்து வருடத்தின் பின்னரே நிரந்தர வதிவிடம். நீடிப்பின்போது வருமானத்தை மறுபடியும் காட்ட வேண்டும். ஆனால் அப்போது மனைவி அங்கே சட்டப்படி உழைப்பதும் சேர்ந்துகொள்ளும்.

திருமணப் பதிவும் முக்கியம். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்கீழ் இங்கே பதிந்த நிக்காஹின் சான்றிதழை ஆங்கில மொழிபெயர்ப்போடு கொடுக்கலாம். லண்டனில் பள்ளியில் நிக்காஹ் மட்டும் செய்து, அந்நாட்டுச் சட்டப்படி பதியாமல் விட்டால் அங்கே அது சட்டபூர்வமான விவாகமாகாது.

நிராகரித்தால், குடும்ப வாழ்வுக்கான மனித உரிமையின் அடிப்படையில் மேன்முறையீடு செய்யலாம். நாட்டுக்கு வெளியிலிருந்து செய்வதற்கு 28 நாள் அவகாசம். குறை பத்திரத்தில்தான் என்றால், அதைத் திருத்தி ஆறு மாதம் ஒழுங்காகக் காட்டிப் புதிதாக விண்ணப்பிப்பதே பலருக்கு விரைவான வழி. பொய்ப் பத்திரம் மட்டும் வேண்டாம். ஒரு முறை பிடிபட்டால் அது அடுத்த விண்ணப்பங்களையும் விடாது தொடரும். அது ஹராம் என்பதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

எங்கள் பக்கத்துக் கணக்கு

இனி எங்கள் சமூகத்துக்குள் பேச வேண்டிய ஒன்று. மாப்பிள்ளைக்குச் சேமிப்புக் குறைகிறதென்றால் பெண் வீட்டார் காணியை விற்று அனுப்புவது சில இடங்களில் நடக்கிறது. ‘மகள்ட விசாவுக்குத்தானே’ என்கிறார்கள். சட்டப்படி அது அன்பளிப்பாக ஏற்கப்படலாம். ஆனால் மனைவியின் செலவைக் கணவன் பொறுப்பது நபகா. அது அவனுடைய கடமை. தலாக் அத்தியாயத்தின் ஏழாவது வசனம், வசதியுள்ளவன் தன் வசதிக்கேற்பவும் நெருக்கடியில் உள்ளவன் தனக்குக் கொடுக்கப்பட்டதிலிருந்தும் செலவழிக்கட்டும் என்ற கருத்தைச் சொல்கிறது. கொடுப்பனவு கணவன் கையிலிருந்து போக வேண்டிய இடத்தில், பெண்ணின் வாப்பாவிடமிருந்து இன்னொரு கைக்கூலியாக வருகிறது. மஹரோ தன் நகையோ மனைவி மனம் விரும்பித் தன் பெயரில் சேமிப்பாக வைத்தால் அது அவளுடைய உரிமை. கேட்டு வாங்குவது வேறு.

அந்த வசனத்துக்கும் 29,000 என்ற எல்லைக்கும் உள்ள தூரத்தையும் கவனிக்க வேண்டும். மார்க்கம் அவனவன் கொள்ளளவுக்கேற்பக் கேட்கிறது. இந்தச் சட்டம் எல்லாரிடமும் ஒரே தொகை கேட்கிறது. பெற்றோரில் ஒருவரைத் திரையில் மட்டும் பார்த்து வளரும் பிள்ளைகளை ‘ஸ்கைப் குடும்பங்கள்’ என்று அங்குள்ளவர்களே பேசினார்கள். சட்டத்தை நாங்கள் இங்கிருந்து மாற்ற முடியாது. ஆனால் அதைத் தெரியாமல் பிள்ளையைக் கட்டிக் கொடுப்பதை நிறுத்தலாம்.

சம்பந்தம் பேசும்போது மாப்பிள்ளையின் தொழுகையையும் குணத்தையும் விசாரிக்கிறோம். அதோடு நாலு கேள்வியும் கேட்க வேண்டும். உங்களுடைய வதிவிட நிலை என்ன? வரிக்கு முன் வருடச் சம்பளம் எவ்வளவு? அது முழுக்க வங்கிக்குப் போகிறதா? இந்த வேலையில் சேர்ந்து எத்தனை மாதம்? இதைக் கேட்பது மரியாதைக் குறைவல்ல. நேர்மையான பையன் முகம் சுளிக்கமாட்டான். பதில் இன்னும் சரியில்லை என்றால், நிக்காஹை ஆறு மாதம் தள்ளுவது, நிக்காஹின் பின் பதினாறு மாதம் காத்திருப்பதைவிட நல்லது.

அன்று அந்த உம்மாவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. கடிதத்தின் பொருளை மட்டும் சொன்னேன். அதன் பின்னர்தான் மாணவி முதற்தடவையாக வாய் திறந்தாள்.

“அப்ப சேர், கடையில கையில குடுக்கிறத நிப்பாட்டி, வங்கியில போடச் சொன்னா ஆறு மாசத்துல சரிவருமா?”

“சம்பளம் உண்மையில் 2,500 என்றால் சரிவரும், இன்ஷா அல்லாஹ்.”

அந்த இடத்திலேயே தொலைபேசியை எடுத்து அவருக்கு அழைத்தாள். அங்கே அப்போது விடியற்காலை. “முதலாளிக்கிட்ட இண்டைக்கே கதைங்க” என்று சொன்னாள். உம்மா கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.